தன் கையால் ஒரு துப்பாக்கி

கடையில் வாங்கிய பட்டத்தைவிட, நாமே மூங்கில் சீவி, காகிதம் ஒட்டி, வால் கட்டி ஏற்றிய பட்டம் உயரப் பறப்பதாகவே நமக்குத் தோன்றும். வானொலிப் பெட்டியைத் தாமே பூட்டிப் பார்த்தவர்களும், கண்ணாடியைத் தாமே தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர்களும் இதையே சொல்வார்கள். ஒரு பொருள் கைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு; அது நம் கையில் உருவாகும் மகிழ்ச்சி வேறு.

ஆனால், ஒருவர் பொழுதுபோக்காகத் துப்பாக்கி செய்கிறார் என்று கேள்விப்பட்டால் என்ன நினைப்பீர்கள்? முதலில் திகைப்பீர்கள், பிறகு சற்று அஞ்சவும் செய்வீர்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்படி ஒரு பொழுதுபோக்கு உண்டு. 250 ஆண்டுகளுக்கு முன்பு இருந்த முறைப்படி, வாய்வழியே மருந்து கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லால் தீ மூட்டிச் சுடும் நீண்ட ரைபிள்களை இன்றும் கையால் செய்கிறார்கள். செய்து முடித்தபின் பலர் அவற்றை அதிகம் சுடுவதுகூட இல்லை. அப்படியானால் அந்த உழைப்பில் என்ன இன்பம்? அந்த இன்பத்துக்கு எல்லை எது? இதை அறிய, துப்பாக்கிக் குழலின் உட்புறத்திலிருந்து கதையைத் தொடங்க வேண்டும்.

பம்பரமும் ஈயக் குண்டும்

பழைய காலத்துப் படைவீரனின் துப்பாக்கிக் குழல் உள்ளே வழுவழுப்பாக இருந்தது. விரைவாகக் கெட்டிப்பதற்காகக் குழலின் வாயைவிடக் குண்டு சிறிதாகவே வார்க்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினர் ஏந்திய ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல்வாய் ஏறத்தாழ 0.75 அங்குலம், குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். இடைவெளி இருப்பதால் குண்டு இருபுறமும் மோதிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எங்கே மோதியதோ அதற்கேற்பச் சுழலும். அந்தச் சுழற்சி எப்படி அமையும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, 100 கஜத்துக்கு அப்பால் குறி தவறாமல் சுடுவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

சுழற்சியைத் தற்செயலுக்கு விடாமல் நாமே கொடுத்தால் என்ன? பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சுழலாத பம்பரம் சாய்ந்து விழும். சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கும். விரைந்து சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. குழலின் உட்சுவரில் திருகாணியின் புரிபோலச் சுருள் வரிகள் வெட்டி, குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு செல்லும்படி அமைத்தால், அது ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகச் சுழன்றுகொண்டு வெளிவரும். இதுதான் ரைபிள்.

ஜெர்மானியக் கைவினைஞர்கள் இதை 1500ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே பட்டறிவால் கண்டுகொண்டார்கள். காரணம் என்ன என்று ஆராய்ந்தவர் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். கனமான கட்டையொன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். 1742இல் அவர் வெளியிட்ட நூலை, மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார். 1747இல் சுருள் வரிக் குழல்களின் சிறப்பைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்தில் ராபின்ஸ் ஒரு கட்டுரை அளித்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக அவர் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம் சோழமண்டலக் கரைதான்! கோட்டைகளைச் சீரமைக்கும் பணியில் இருந்தபோது காய்ச்சல் கண்டு, 1751 ஜூலையில் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் அவர் காலமானார்.

காடு கேட்ட துப்பாக்கி

ராபின்ஸ் ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் அமெரிக்கக் காடுகளின் ஓரத்தில் ரைபிள் புதிய உருவம் எடுத்துக்கொண்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பென்சில்வேனியாவில் குடியேறியவர்களுள் துப்பாக்கிக் கம்மியர்களும் இருந்தனர். லங்காஸ்டர் நகரைச் சுற்றி அவர்களுடைய பட்டறைகள் பெருகின. அவர்கள் கொண்டுவந்த ‘யேகர்’ என்னும் வேட்டைத் துப்பாக்கி குட்டையானது. கனத்த குழல் உடையது. பெரிய குண்டு போடுவது.

காட்டில் வாரக்கணக்கில் திரியும் வேட்டைக்காரனுக்கு அது ஒத்துவரவில்லை. வேண்டிய ஈயத்தையும் மருந்தையும் அவனே முதுகில் சுமக்க வேண்டும். இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். உருண்டையின் எடை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். ஒரு பவுண்டு ஈயத்தில் 0.69 அங்குலக் குண்டுகள் 14 தான் தேறும், 0.50 அங்குலக் குண்டுகளோ 37 தேறும். விட்டத்தைச் சிறிதே குறைத்தால், அதே சுமையில் இரண்டரை மடங்கு குண்டுகள் கிடைக்கின்றன! எனவே குழலின் வாய் சிறுத்தது. குழல் 40 அங்குலத்துக்கும் மேலாக நீண்டது. கொழுப்புத் தடவிய துணித்துண்டில் குண்டைப் பொதிந்து கெட்டித்தார்கள். துணி சுருள் வரிகளைப் பற்றிக்கொண்டது. புகை கசியாமல் அடைத்தது. 200 கஜத் தொலைவிலும் குறி தப்பாத இந்த நீண்ட ரைபிளே, பின்னாளில் ‘கென்டக்கி ரைபிள்’ என்று பெயர் பெற்றது.

1775 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் 10 ரைபிள் அணிகளைத் திரட்ட ஆணையிட்டது. ஆனாலும், விடுதலைப் போரை வென்றது ரைபிள்தான் என்று சொல்வது மிகை. வழுவழுப்பான குழலுடைய துப்பாக்கியை ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடலாம். ரைபிளை ஒருமுறை கெட்டிக்கவே ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதில் துப்பாக்கி ஈட்டி பொருத்தவும் வழியில்லை. படைவீரர்களில் பெரும்பாலோர் ஏந்தியது பழைய துப்பாக்கியையே.

இயந்திரம் வென்றது

ஒரு ரைபிளைச் செய்ய எத்தனை தொழில் தெரிய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். குழலுக்குக் கொல்லுத் தொழில். தீப்பொறி எழுப்பும் விசைப்பூட்டுக்குக் கடிகாரக்காரரின் நுணுக்கம். பித்தளை உறுப்புகளுக்கு வார்ப்புத் தொழில். மேப்பிள் மரக் கட்டைக்குத் தச்சு. மேலே செய்யும் பூவேலைக்குச் செதுக்குக் கலை. இத்தனையையும் ஒருவரே செய்தார் என்று எண்ணிவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டுக் கம்மியர் பலர் விசைப்பூட்டுகளை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து விலைக்கு வாங்கினர். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு.

19ஆம் நூற்றாண்டில் அந்தப் பிழைப்பும் போயிற்று. தாமஸ் பிளாஞ்சர்ட் என்பவர் 1819இல் அமைத்த கடைசல் இயந்திரம், ஒரு மாதிரியைப் பார்த்து அதேபோன்ற துப்பாக்கிக் கட்டைகளைத் தானே கடைந்து தள்ளியது. 1820களில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையில் ஜான் ஹால், எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் பொருத்தலாம் என்னும் அளவுக்கு உறுப்புகளை ஒரே அளவாகச் செய்து காட்டினார். நாம் இன்று பயன்படுத்தும் மிதிவண்டி, தையல் இயந்திரம், கார் அனைத்தும் இந்த முறையின் வாரிசுகளே. நாடு முழுவதும் மலிவான துப்பாக்கிகள் நிறைந்தன. கைப்பட்டறைகளின் உலைகள் அணைந்தன. தொழில் குருவின் கையிலிருந்து சீடனின் கைக்கு வந்ததே தவிர, ஏட்டில் ஏறவில்லை. சீடர்கள் வருவது நின்றபோது அறிவும் நின்றது. அப்பலாச்சிய மலைப்பகுதியில் மட்டும் ஒரு சிலர் பழைய கருவிகளைக் கைவிடாமல் வைத்திருந்தனர்.

மீட்டவர்கள் யார்?

இழந்த கலையை மீட்டவர்கள் அரசினரும் அல்லர்; ஆலை முதலாளிகளும் அல்லர். பொழுதுபோக்காளர்களே மீட்டார்கள். 1931இல் ஒகையோ மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில், வாய்வழிக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுக்கென்றே ஒரு போட்டி நடந்தது. பாட்டனார் காலத்துத் துப்பாக்கிகளைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு மக்கள் வந்தார்கள். 1933இல் இதற்கென ஒரு தேசியச் சங்கமே தோன்றியது. அதன் போட்டித் திடல் இந்தியானா மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூரில் அமைந்தது. அவ்வூரின் பெயர் ஃப்ரெண்ட்ஷிப், அதாவது ‘நட்பு’!

பழைய துப்பாக்கிகள் பழுதானபோது அவற்றைச் செப்பனிட வேண்டியிருந்தது. செப்பனிடக் கற்றவர்கள் புதிதாகச் செய்யவும் முயன்றார்கள். ஆனால், குழலை மட்டும் பெரும்பாலோர் கடையில்தான் வாங்கினர். எல்லாவற்றையும், குழல் உட்பட, பழைய முறையிலேயே ஒருவர் செய்ய முடியுமா என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அதற்கு விடை கண்டவர் வாலஸ் கஸ்லர். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு பழம்பெரும் நகரம் உண்டு. 1926 முதல் ராக்பெல்லர் அளித்த பொருளுதவியால் அதை 18ஆம் நூற்றாண்டில் இருந்தபடியே புதுப்பித்து, வாழும் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். 1960களில் அங்கே துப்பாக்கிப் பட்டறையின் தலைமைக் கம்மியராக இருந்த கஸ்லர், பழைய துப்பாக்கிகளில் பதிந்திருந்த அரத்தின் கீறல்களையும் சம்மட்டியின் தழும்புகளையும் ‘படித்து’, மறைந்த முறைகளை மீண்டும் கண்டறிந்தார். அவர் ஒரு ரைபிளைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்வதை, ‘வில்லியம்ஸ்பர்க் துப்பாக்கிக் கம்மியர்’ என்று ஏறத்தாழ ஒரு மணி நேரப் படமாக 1969இல் எடுத்தார்கள்.

உலையில் ஒரு பள்ளிக்கூடம்

அந்த வேலையைக் கவனித்தால், அது ஓர் இயற்பியல், வேதியியல் வகுப்பாகவே தோன்றும். குழல் ஒரு தேனிரும்புப் பட்டையாகத் தொடங்குகிறது. அதை வெண்சூடாகக் காய்ச்சி, கம்பியைச் சுற்றி வளைத்து, விளிம்புகளை அடித்து ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குப் பசை ஏது? பசையே வேண்டாம். ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் இரும்பின் மேலுள்ள கசடு உருகி, சம்மட்டியின் அடியில் பிதுங்கி வெளியேறும். தூய இரும்பும் தூய இரும்பும் தொட்டு ஒன்றாகிவிடும். சூடு குறைந்தால் ஒட்டாது. மிகுந்தால் இரும்பே மத்தாப்புப்போல் எரியத் தொடங்கும். அந்த நொடியை வெப்பமானி காட்டாது. கண் ஒன்றே காட்டும். ஒரு முறைக்குச் சில அங்குலம்தான் முடியும். இப்படி ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் குழல் முழுவதையும் ஒட்ட வேண்டும்.

பின்னர் அதன் உட்புறத்தைக் குடைந்து நேராக்க வேண்டும். குழலுக்குள் ஒரு நூலை விறைப்பாகக் கட்டி, உட்சுவர் நூலிலிருந்து எங்கே விலகுகிறது என்று கண்ணை வைத்துப் பார்த்து அறிவார்கள். சுருள் வரி வெட்டும் கருவி மரத்தால் ஆனது. நீண்ட மரத்தில் செதுக்கிய சுருளைப் பின்பற்றியே சிறிய வெட்டும் பல் குழலுக்குள் திரும்பித் திரும்பிச் செல்லும். ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவே சுரண்டும். இரும்பில் வேண்டிய துல்லியத்தை மரத்திலிருந்து பெறுகிறார்களே, வியப்பாக இல்லையா?

விசைப்பூட்டின் வில்லுக்குத் தோய்ச்சல் போட வேண்டும். செந்தழலாகக் காய்ந்த எஃகை நனைத்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும்; ஆனால் தட்டினால் உடையும். அதை மீண்டும் மெல்லச் சூடேற்றினால் மேற்பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சளும், 300 பாகையை நெருங்கும்போது மயில் கழுத்தின் நீலமும் தோன்றும். நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வண்ணங்கள் தெரிகின்றனவே, அதே காரணம்தான். எஃகின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் கனத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. நீலம் வந்ததும் நிறுத்தினால் எஃகு வளைந்து நிமிரும் வில்லாகிவிடும். அரிவாள் அடிக்கும் நம் ஊர்க் கொல்லரும் இந்த நிறங்களை நன்கு அறிவார்.

சக்கிமுக்கிக் கல்லிலிருந்து தீப்பொறி பறப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பறப்பது கல் அன்று. கூரிய கல் சுரண்டிய எஃகுத் துகள்களே காற்றுடன் சேர்ந்து எரிந்து ஒளிர்கின்றன. எஃகின் முகம் மென்மையாக இருந்தால் பொறியே வராது.

மகிழ்ச்சி எங்கே இருக்கிறது?

இப்படி ஒரு ரைபிள் முடியப் பல நூறு மணி நேரம் ஆகும். பழைய கம்மியர் விலைக்கு வாங்கிய உறுப்பைக்கூட இன்றைய ஆர்வலர் தாமே செய்கிறார். பிழைப்புக்காகச் செய்தவர் சுருக்கு வழியைத் தேடினார்; மகிழ்ச்சிக்காகச் செய்பவர் நீண்ட வழியைத் தேடுகிறார்.

அந்த நீண்ட வழியில்தான் மகிழ்ச்சி இருக்கிறது. இரும்பை ஏமாற்ற முடியாது. ஒட்டு சரியில்லை என்றால் அது பிளக்கும். தோய்ச்சல் தவறினால் வில் முறியும். செய்தவரைப் புகழவோ பழிக்கவோ இரும்புக்குத் தெரியாது. உள்ளதை உள்ளபடி சொல்லும். அதனால் பெறும் வெற்றி உண்மையான வெற்றி. மேலும், கையில் இருக்கும் பொருளின் ஒவ்வோர் அணுவும் அங்கே ஏன் இருக்கிறது என்று சொல்லக்கூடிய நிலை இக்காலத்தில் நமக்கு அரிதாகவே வாய்க்கிறது. நம் வீட்டிலுள்ள பொருள்களில் எத்தனையை நாம் முழுமையாக அறிவோம்?

பெருமிதம் போதுமா?

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இது பட்டமோ தொலைநோக்கியோ அன்று. பட்டம் பிழையாகச் செய்தால் விழும். துப்பாக்கி பிழையாகச் செய்தால் செய்தவரின் முகத்தருகிலேயே வெடிக்கும். கைவினைஞரின் பெருமிதம் அவர் செய்த குழலின் உறுதிக்குச் சான்று ஆகாது என்பதை ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் முன்பே உணர்ந்திருந்தன. 1637இல் பட்டயம் பெற்ற லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம், குழல்களைச் சோதித்து முத்திரை இடும் பொறுப்பை ஏற்றது. 1813இல் பர்மிங்காமில் சட்டப்படி ஒரு சோதனைச்சாலை நிறுவப்பட்டது. வழக்கத்தைவிட மிகுதியான மருந்தைக் கெட்டித்துச் சுட்ட பின்னும் குழல் தாங்கினால்தான் முத்திரை கிடைக்கும்.

இன்னும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. உழைப்பை நீக்கிவிட்டால் என்ன எஞ்சும்? அமெரிக்கச் சட்டம் ஒருவர் தம் சொந்தப் பயனுக்குத் துப்பாக்கி செய்துகொள்வதை நெடுங்காலமாக அனுமதித்து வந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் வாய்வழிக் கெட்டிக்கும் பழைய வகைகளைப் பழம்பொருள்களாகக் கருதி, கடுமையான விதிகளிலிருந்து விலக்கும் அளித்தது. பல நூறு மணி நேரம் உழைக்கும் கைவினைஞரை நினைத்தால் அது நியாயமாகவே தோன்றும். ஆனால், பிளாஸ்டிக் உறுப்புகளைக் கொண்ட தொகுப்புகள் விற்பனைக்கு வந்தபோது நிலைமை மாறியது. அவற்றுள் ஒன்றை, அதை முன்பின் பார்த்திராத ஒருவர் 21 நிமிடத்தில் சுடக்கூடிய துப்பாக்கியாக்கி முடித்தார்! எண் பொறிக்கப்படாத இத்தகைய ‘பேய்த் துப்பாக்கிகள்’ குற்றவாளிகளின் கைக்குச் சென்றன. மூலத்தைக் கண்டறியக் காவல் துறையினர் அனுப்பியவை 2017இல் ஏறத்தாழ 1,600. 2021இல் 19,000க்கும் மேல். இத்தொகுப்புகளையும் துப்பாக்கியாகவே கருதி, எண் பொறித்து, வாங்குபவரின் பின்னணியை ஆராய வேண்டும் என்று அரசு 2022இல் விதி வகுத்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பல நூறு மணி நேரத்துக்கும் 21 நிமிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் ‘நானே செய்தேன்’ என்றே சொல்லலாம். முதலாவதில் செய்தவரிடம் எஞ்சுவது அறிவு, பொறுமை, கைத்திறன், அவற்றோடு ஒரு துப்பாக்கி. இரண்டாவதில் எஞ்சுவது துப்பாக்கி மட்டுமே.

நம் கைகளுக்கும் வேலை உண்டு

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி செய்வது கடுமையான குற்றம். 2019இல் செய்த திருத்தம் தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியிருக்கிறது. பட்டறையில் ஒளித்துச் செய்யும் நாட்டுத் துப்பாக்கிக்குச் சோதனைச்சாலையும் இல்லை, முத்திரையும் இல்லை. அது யாரைக் கொல்லும் என்பது செய்தவருக்கே தெரியாது. ஆகவே இந்தப் பொழுதுபோக்கை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆனால் அதன் உட்பொருளை எடுத்துக்கொள்ளலாம். ராபின்ஸின் ஊசலை ஒரு மரக்கட்டையும் நூலும் களிமண் உருண்டையும் கொண்டு உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே அமைத்துப் பார்க்கலாம். உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் இருந்தால், ஒருநாள் மாலை அங்கே போய் நில்லுங்கள். எஃகில் மஞ்சள் எப்போது வருகிறது, நீலம் எப்போது வருகிறது என்று அந்தப் பெரியவரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள். லங்காஸ்டர் கம்மியர்களின் அறிவு, கேட்பவர் இல்லாததால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. அதை மீட்க, இரும்பில் இருந்த கீறல்களைப் படிக்க வேண்டியதாயிற்று. நம் கொல்லர்களின் அறிவை மீட்க அவ்வளவு பாடுபட வேண்டாம். அதைச் சொல்ல இன்றும் ஆள் இருக்கிறார்கள்.